ஜீனோவை உருவாக்கிய இன்ஜினியர்



நாம இப்போ வாழ்ந்துக்கிட்டு இருக்கிற இந்த 2020-கள், ஒரு காலத்தில் தமிழ் வாசகர்களுக்கு ரொம்ப தூரத்து எதிர்காலமாக இருந்தது. 1980-களில் ஆனந்த விகடனில் ஒரு தொடர்கதை வந்தது. பெயர் ‘என் இனிய இயந்திரா’. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். நாடு முழுக்க ஜீவா என்கிற ஒரே தலைவரின் ஆட்சி. குழந்தை பெத்துக்கணும்னா அரசாங்கம் அனுமதி கொடுக்கணும். மக்களுக்கு ரெண்டே எழுத்தில் பெயர். நிலா, சிபி, ரவி, மனோ, இப்படி. இதற்கு நடுவில் பேசுகிற, புத்தகம் படிக்கிற, கிண்டல் பண்ணுகிற ஒரு இயந்திர நாய். அதுதான் ஜீனோ.

அந்த எதிர்காலம் வந்தாச்சு. அதைத் தாண்டியும் வந்தாச்சு. கதையை எழுதியவர் மட்டும் 2008-லேயே போய்விட்டார். நம்மில் பல பேருக்கு அப்போ சரியா பேச்சுகூட வந்திருக்காது.

அவரை எழுத்தாளர் சுஜாதா என்று எல்லாருக்கும் தெரியும். வாசகர்கள் பாசமா ‘வாத்தியார்’னு சொல்லுவாங்க. ஆனா நம்ம இதழில் அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணம் இருக்கு. அவர் நம்ம ஆளு. எலக்ட்ரானிக்ஸ் படித்த இன்ஜினியர். பகலில் அரசு நிறுவனத்தில் வேலை, மற்ற நேரத்தில் எழுத்து என்று பல வருஷம் ஓட்டியவர். அந்த வேலையில் அவர் கைபட்டு வந்தது வாக்குப்பதிவு இயந்திரம். எழுத்தில் வந்தது ஜீனோ. இந்த ரெண்டு இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ரெண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: நம்ம கண்ணுக்குக் காட்டப்படுவது நிஜம்தானா என்று யார் சரிபார்ப்பது?

ஸ்ரீரங்கத்துப் பையன்

இயற்பெயர் ரங்கராஜன். 1935 மே 3-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை, அடிக்கடி மாற்றல். அதனால் பையன் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தான். அந்த ஊரின் தெருக்களும் மனிதர்களும் பிறகு ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளாக வந்தார்கள்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல். அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ். இதே ரெண்டு கல்லூரிகளில் ஏறத்தாழ அதே காலத்தில் படித்த இன்னொருவர் அப்துல் கலாம். ஒருத்தர் ராக்கெட் பக்கம் போனார், இன்னொருத்தர் கதைப் பக்கமும் போனார்.

படிப்பு முடிந்ததும் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர், பிறகு டெல்லி. இந்த வேலை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. விமானத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கையில் கிடைக்கிற தகவலை வைத்துத்தான் முடிவெடுக்கணும். தகவல் தப்பானால் உயிர் போகும். கருவி என்ன சொல்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்லிக்கொடுக்கிற வேலை அதிகம் இல்லை.

1950-களிலேயே அவர் கதை ஒன்று அச்சில் வந்துவிட்டது. ஆனால் பெயர் பரவியது 60-களில், குமுதத்தில் எழுத ஆரம்பித்த பிறகு. அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்று ஒரு பிரபல எழுத்தாளர் இருந்தார். ரெண்டு ரங்கராஜன் வேண்டாம் என்று மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1968-ல் ‘நைலான் கயிறு’ தொடர் வந்தது. வக்கீல் கணேஷ் அறிமுகமானது அதில்தான். வசந்த் பிறகு வந்து சேர்ந்தான்.

பகலில் ஃபேக்டரி, ராத்திரியில் கதை

பிறகு பெங்களூருக்கு மாறி, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பெல் என்று நாம் சொல்கிறோமே, அதே நிறுவனம். ராணுவத்துக்கும் அரசுக்கும் மின்னணுக் கருவிகள் செய்கிற இடம். அங்கே ஆராய்ச்சி, வடிவமைப்பு, உற்பத்தி என்று நீண்ட காலம் இருந்தார். அந்த வருஷங்களில்தான் வாரப் பத்திரிகைகளில் அவர் பெயர் இல்லாத வாரமே கிடையாது என்கிற நிலைமையும் வந்தது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேற உதாரணம் வேண்டாம். காஞ்சிபுரம் பட்டில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்திருப்பீங்க. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூணு நாடா ஓடணும். ஒரு ஆளால் முடியாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளணும். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலையும் கரையையும் கோத்துக் கோத்து நெய்வதால்தான் அந்த இணைப்பு அவ்வளவு உறுதி. சுஜாதா ரெண்டு ஆள் வேலையையும் தானே செய்தவர். இன்ஜினியர் ஒரு பக்கம், எழுத்தாளர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போகவில்லை. ஒன்றில் தெரிந்தது இன்னொன்றில் கோக்கப்பட்டது.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் என்பதைப் பெரும்பாலான தமிழர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் சிலிக்கன் சில்லு பற்றியும், மூளை பற்றியும் தமிழில் புத்தகம் எழுதினார். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு வாராவாரம் பதில் சொன்னார். அவர் வழி எளிது. வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவார், தெரியாததில் கொண்டுபோய் விடுவார்.

அந்த வழியை நம்ம ஊரில் போட்டுப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையம் பக்கம் போய் ஜக்கார்டு பெட்டி மாட்டின தறியைப் பாருங்க. மேலே சங்கிலி மாதிரி கோத்த அட்டைகள் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லை என்றால் தூக்காது. அதாவது ஒன்று அல்லது பூஜ்யம். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டையிலேயே கட்டளை கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித்தின் இயந்திரங்கள் ஓட்டை போட்ட அட்டைகளைத்தான் எண்ணின. நாம் லேபில் கற்றுக்கொள்கிற நிரலின் முப்பாட்டன் நம்ம தெருவில் அன்னமும் மாங்காயும் நெய்துகொண்டிருக்கிறான். இப்படிச் சொன்னால் யாருக்குப் புரியாது?

செலவே இல்லாத எதிர்காலம்

அறிவியல் கதையைக் கண்ணால் பார்க்கிற கலைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று சுஜாதாவுக்கு முன்னாடியே தெரியும். ‘கடவுள் வந்திருந்தார்’ என்று ஒரு நாடகம் எழுதினார். பூர்ணம் விஸ்வநாதன் குழு அதை மேடையேற்றியது. எதிர்காலத்திலிருந்து ஒருவன் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து இறங்குகிறான். அவன் அந்தப் பெரியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரிய மாட்டான். பெரியவருக்குப் பைத்தியம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

இதில் இருக்கிற இன்ஜினியர் மூளையைக் கவனிங்க. எதிர்கால உலகத்தைக் காட்ட செட் வேண்டாம், தந்திரக் காட்சி வேண்டாம். மற்ற நடிகர்கள் அவனைப் பார்க்காத மாதிரி நடித்தால் போதும். செலவு பூஜ்யம். இங்கேயும் அதே கேள்விதான்: ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் தெரிவதை மற்றவர்கள் எப்படிச் சரிபார்ப்பது?

உலகம் முழுக்க அறிவியல் தொடர் எடுத்தவர்களுக்கு இந்தப் பணக் கணக்கு இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக்கில், ஆட்கள் ஒளியாகக் கரைந்து கிரகத்தில் போய் இறங்குவார்களே, அது எதனால் வந்தது தெரியுமா? ஒவ்வொரு வாரமும் விண்கலம் தரையிறங்குவதைப் படம்பிடிக்க அவர்களிடம் காசு இல்லை. அந்தத் தொடரே 79 பகுதியோடு 1969-ல் நின்றுபோனது. இங்கிலாந்தில் பிபிசியின் டாக்டர் ஹூ தொடருக்கு 1977-ல் ஒரு இயந்திர நாய் வந்தது, பெயர் கே-9. ரேடியோ மூலம் இயக்குகிற பொம்மை. மேடு பள்ளமான தரையில் ஓடாது, அதன் ரேடியோ அலையும் ஸ்டுடியோ கேமராவும் ஒத்துப்போகாது. அனுபவசாலியான பிபிசிக்கே ஒரு நாயை ஓடவிடுவது அவ்வளவு பாடு.

ஜீனோ டிவிக்கு வந்தது

இப்போ நம்ம ஜீனோவுக்கு வருவோம். விகடன் வாசகர்களுக்கு ஜீனோ ரொம்ப சீக்கிரம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. முதலில் சொன்னதைச் செய்கிற பொம்மை. போகப் போக தானே யோசிக்க ஆரம்பிக்கிறது. கணவனைக் காணாமல் தேடுகிற நிலாவுக்கு மனிதர்களைவிட அந்த நாய்தான் துணையாக நிற்கிறது. வரவேற்பைப் பார்த்து ‘மீண்டும் ஜீனோ’ என்று அடுத்த பாகமும் வந்தது.

அப்புறம் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராக வந்தது. இதன் முக்கியத்துவம் புரிய, அன்றைய டிவி எப்படி இருந்தது என்று தெரியணும். சென்னை தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. கலர் வந்தது 1982-ல். 1984-ல் ‘ஹம் லோக்’ ஓடி வெற்றிபெற்ற பிறகுதான், விளம்பரதாரர் பணத்தில் வாராவாரம் தொடர் எடுப்பது என்ற வழக்கம் நாடு முழுக்க பரவியது. 13 வாரம் என்பது ஒரு சாதாரணக் கணக்கு. 1993 ஏப்ரலில் சன் டிவி வரும்வரை தமிழ் வீடுகளில் டிவி என்றாலே அரசாங்கத்தின் தூர்தர்ஷன்தான். உங்க அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்க. தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டி, மொட்டை மாடியில் ஆன்டெனா, காத்தடித்தால் ஒருத்தர் மேலே ஏறித் திருப்பணும், கீழே இருந்து இன்னொருத்தர் தெரியுது தெரியலைன்னு கத்தணும்.

குடும்பச் சண்டையும் புராணமும் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியில், தமிழில் ஒரு எதிர்கால அறிவியல் கதை ஓடியது. கணினி வரைகலை இன்றைக்கு மாதிரி கைக்கெட்டாத காலம் அது. பத்திரிகையில் ஒரு வரி எழுதினால் ஜீனோ தாவி ஓடிவிடும், மீதியை வாசகர் மனசு பார்த்துக்கொள்ளும். டிவியில் ஒவ்வொன்றையும் செய்து காட்டியாகணும். கதையைப் படித்த லட்சக்கணக்கான பேர் ஆளுக்கு ஒரு ஜீனோவை மனசில் வைத்திருந்தார்கள். அத்தனை நாய்க்கும் ஈடுகொடுக்க எந்தத் திரையாலும் முடியாது.

ஆனா எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் தந்திரக் காட்சி இல்லை, கதைதான். கதை தெரியாதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடுங்க, முடிவைச் சொல்லப் போறேன். நாட்டையே ஆளுகிற ஜீவா என்கிற தலைவர் ரத்தமும் சதையுமான மனிதரே கிடையாது. அவர் ஒரு முப்பரிமாண பிம்பம். சிலர் பின்னாலிருந்து உருவாக்கி, மக்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற படம். மக்கள் அந்தப் படத்தைக் கும்பிட்டார்கள், பயந்தார்கள், அதன் பேச்சைக் கேட்டார்கள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது உடைந்த பிறகு நிலாவை ராணி ஆக்குகிறார்கள். அவளையும் பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறார்கள். முகம் மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

திரையில் மட்டுமே இருக்கிற ஒரு தலைவர் பற்றிய கதை, நாட்டில் இருந்த ஒரே அரசாங்கத் திரையில் தொடராக ஓடியது. தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் இதைவிடத் தைரியமான கதைத் தேர்வு எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்னொரு இயந்திரம்

இப்போ அவருடைய பகல் வேலைக்குப் போவோம். இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் தேர்தலில் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். தோற்ற வேட்பாளர் கோர்ட்டுக்குப் போனார். 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இயந்திரம் கெட்டுப்போனது என்று இல்லை. இயந்திரத்தில் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தில் எழுதவில்லை, அதனால் செல்லாது. அந்தச் சாவடிகளில் திரும்பக் காகிதத்தில் ஓட்டுப் போட்டார்கள். முடிவே தலைகீழாக மாறியது.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. சர்க்யூட் சரியா வேலை செய்தால் மட்டும் பொருள் முடிந்துவிடாது. அதை நம்புவதற்கு மக்களுக்குக் காரணமும் சட்டமும் வேண்டும். 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். பெங்களூர் பெல்லும் ஹைதராபாத் இசிஐஎல் நிறுவனமும் இயந்திரங்களைத் தயாரித்தன. பெல்லில் அதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர்களில் முக்கியமானவர் ரங்கராஜன் என்கிற நம்ம சுஜாதா. அதற்காக அவருக்கு வாஸ்விக் விருது கிடைத்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1993-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை விருதும் வந்தது.

இயந்திரத்தின் அமைப்பைப் பாருங்க, ரொம்ப எளிமை. ஓட்டுப் போடுகிற பெட்டி ஒன்று, அதிகாரியிடம் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, நடுவில் ஒரு கேபிள். மின்சாரம் இல்லாத கிராமத்திலும் ஓட வேண்டும் என்பதால் பேட்டரி. அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் நிமிஷத்துக்குச் சில ஓட்டுக்கு மேல் ஏறாது. சாவடியைக் கைப்பற்றி, கட்டுக்கட்டாகச் சீட்டைக் குத்திப் போட்டுவிட்டு ஓடுகிற பழக்கத்தை மனசில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. எந்த வலைப்பின்னலிலும் இணையாது. 1998-ல் சில மாநிலங்களில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் பயன்பட்டது. 2001-ல் நம்ம தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 543 தொகுதிகளிலும்.

அதோடு கேள்வி நிற்கவில்லை. உள்ளே என் ஓட்டு சரியாத்தான் விழுந்ததா என்று வாக்காளர்கள் கேட்டார்கள். 2013-லிருந்து காகிதச் சீட்டைக் காட்டுகிற இணைப்பு வர ஆரம்பித்தது. நாம் யாருக்குப் போட்டோம் என்று 7 வினாடி கண்ணாடி வழியாகத் தெரியும். இது வந்தபோது சுஜாதா இல்லை. ஆனால் ஜீவாவின் கதையைப் படித்த யாருக்கும் அந்த 7 வினாடியின் அருமை புரியும். படம் காட்டுவது போதாது, சரிபார்க்க ஒரு வழியும் வேண்டும்.

கடைசி வருஷங்கள்

சினிமாவிலும் அவர் கை பலமாக இருந்தது. 1986-ல் வந்த கமல்ஹாசனின் ‘விக்ரம்’ படத்துக்கு எழுதினார். அதே கதை குமுதத்தில் தொடராகவும் வந்தது. பிறகு ரோஜா, இந்தியன், முதல்வன், அந்நியன், சிவாஜி என்று வரிசை. 1990-களில் பெல்லிலிருந்து ஓய்வுபெற்றுச் சென்னை வந்தபின், ‘அம்பலம்’ என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். தமிழில் இணைய இதழ் என்பதே புதுசாக இருந்த நேரம். இன்று நீங்க படிக்கிற இந்த மின்னிதழுக்கும் அது ஒருவகையில் பெரியப்பா முறை.

இயந்திரத்தை மட்டுமே பேசியவர் என்றும் நினைச்சுடாதீங்க. புறநானூற்றுக்கும் திருக்குறளுக்கும் ஆழ்வார்களுக்கும் எளிய அறிமுகங்கள் எழுதினார். அந்த ஆழ்வார்களில் முதல்வரான பொய்கையாழ்வார் அவதரித்த இடம் நம்ம காஞ்சிபுரம் திருவெஃகா என்பது மரபு. கோயில் வாசலில் நின்று பாசுரம் கேட்கிற காதும், சில்லு எப்படி வேலை செய்யுது என்று கேட்கிற காதும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

ஷங்கர் பல வருஷமாக யோசித்துவந்த ‘எந்திரன்’ படத்துக்கும் வேலை செய்தார். படம் முடியும்வரை அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் சென்னையில் காலமானார். வயது 72. 2010-ல் படம் வந்தபோது வசனத்தில் அவர் பெயரும் இருந்தது. தூர்தர்ஷன் ஜீனோவுக்குக் கிடைக்காத கணினி வரைகலையும் பணமும் அந்த ரோபோவுக்குக் கிடைத்தது.

நம்ம பங்கு

இப்போ நம்ம கையில் இருக்கிற போனில், இல்லாத ஆளைப் பேசவைக்கலாம். இருக்கிற தலைவர் சொல்லாததைச் சொன்ன மாதிரி காட்டலாம். ஜீவாவைச் செய்ய அன்றைய கதையில் ஒரு ரகசியக் கூட்டமே வேண்டியிருந்தது. இன்று ஹாஸ்டல் ரூமில் ஒருத்தர் ராத்திரிக்குள் செய்துவிடலாம். நாளைக்கு இந்தக் கருவிகளைச் செய்யப்போவதும், விற்கப்போவதும், வாங்கி மாட்டப்போவதும் நாமதான். சுஜாதா ஒரு கையால் இயந்திரம் செய்துகொண்டே, அந்த இயந்திரம் ஊரை என்ன செய்யும் என்று இன்னொரு கையால் ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதினார். முதல் வேலைக்கு நமக்குச் சம்பளம் கிடைக்கும். ரெண்டாவது வேலையை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க, நாமாகத்தான் செய்யணும்.

‘என் இனிய இயந்திரா’ நம்ம ஊர்ப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், நூலகத்திலும் கிடைக்கும். இந்த செமஸ்டர் லீவில் எடுத்துப் படிங்க. ஜீனோவை உங்க மனசிலேயே ஓடவிடுங்க. படிச்சு முடிச்சதும், நீங்க செஞ்சிக்கிட்டு இருக்கிற ஃபைனல் இயர் ப்ராஜெக்டைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது சொல்வது சரிதானா என்று, இதைச் செய்யாத ஒருத்தர் எப்படிச் சரிபார்ப்பார்? அதற்குப் பதில் கிடைத்தால், அதைத் தமிழில் நாலு பக்கம் எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க.